பி பக்கம்

சாய்ந்தமருதில் கரண்ட் வந்த வெள்ளிக்கிழமை,
டோஹாவிலிருந்து மச்சான் பேசி அனுப்பின கசட்டின்
உடைத்த மூலையில் பிளாஸ்டர் ஒட்டினேன்.
எல்லாரும் கேட்டு முடிஞ்சதுதானே.

ரேடியோவுக்கு முன்னால் குந்தி
சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும்
ஒன்றாய் அமத்தப் பழகுமுன்
மூன்று பாட்டுக்குத் தலை போயிற்று.
நாலாவதில் அறிவிப்பாளர் நேரம் சொன்னார்.
ஐந்தாவதில் கோழி.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
கொஞ்சம் விட வேணுமாம்.
நஸ்லியா சொன்னாள்,
எவ்வளவு என்று சொல்லவில்லை.
நானே ஒரு கணக்கில் விட்டேன்.

இரவு போட்டுக் கேட்கிறோம்.
பாட்டு முடிகிறது.
"...சம்பளம் இன்னும்..."
அடுத்த பாட்டு.
"...புள்ள நடக்குதா?"
அடுத்த பாட்டு.

ராத்தா பாட்டுகளை ஓட்டிவிட்டு ஓட்டிவிட்டு
நடுவை மட்டும் கேட்கிறாள்.
எனக்கு இன்னும் ஏச்சு விழவில்லை.