பார்

சோனாங்குப்பத்துக்குக் கிழக்கே
பதினேழு பாக ஆழத்தில் ஒரு பார்.
சங்கரா மொய்க்கும் கல்.
தேசிங்கின் ஜிபிஎஸ்ஸில் அதன் எண்கள்
'மாமியார் வீடு' என்ற பெயரில் கிடக்கின்றன.
என் அம்மா வீடோ
பரங்கிப்பேட்டையில், தரையில்.

கூடப் பிறந்த அஞ்சாப்புலிக்கும் சொன்னதில்லை.
பின்னால் படகுச் சத்தம் கேட்டால்
திசை மாற்றி
வெறும் தண்ணீரில் வலை இறக்கி
டீசல் காசும் தேறாமல் வருவான்.
காற்று பார்க்கிற செயலி ஒருநாள்
'எப்போதும் உங்கள் இருப்பிடம் அறியலாமா' என்றதற்குச்
சிரித்தான்.
"எப்பவுமா? கட்டினவளுக்கே தெரியாது."

நிஜம்தான்.
பதினோரு வருஷத்தில் நானும் கேட்டதில்லை.
சிலதைக் கேட்காமல் இருப்பதும்
குடித்தனத்தில் சேர்த்திதான்.

போன மாசம், ராத்திரி பத்தே முக்கால்.
பழக்கமில்லாத குரல், பழகிய மாதிரி.
"மலர்க்கொடி மேடம்தானே?
முதுநகர்ல கருவாடு யாவாரம்.
கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கு
லோன் தேவைப்படுமே?"

அந்தக் கட்டி
எனக்குத் தெரியும்,
மஞ்சக்குப்பம் டாக்டருக்குத் தெரியும்,
தலையணைக்கடியில் மடித்து வைத்த சீட்டுக்குத் தெரியும்.

சீட்டைப் படம் எடுத்தது தேசிங்கு.
காப்பீட்டில் பாதி கிடைக்கும் என்று
எவனோ அனுப்பிய இணைப்பில்
அதையும் என் ஆதாரையும் ஏற்றி
கட்டம் கட்டமாகச் 'சம்மதம்' தொட்டிருக்கிறான்.
என் சம்மதத்தை.
அவன் விரலால்.

நல்லதுக்குத்தான் செய்தான்.
அதனால்தான் கத்த வாய் வரவில்லை.
ஜிபிஎஸ்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
"மாமியார் வீட்ட அஞ்சாப்புலிக்கு
அனுப்பிடட்டுமா?" என்றேன்.

சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான்.
"ஏய், அது என்னுது."

சொன்ன பிறகுதான்
சொன்னது அவனுக்கே கேட்டது.

விளக்கை அணைக்காமல்
அனுமதிகளை ஒவ்வொன்றாக மூடினோம்.
டார்ச் செயலிக்கு எதற்கு எங்கள் வீட்டுப் படங்கள்,
ராசிபலனுக்கு எதற்கு என் நாத்தனார் நம்பர்?
'அழித்துவிடுங்கள்' என்று நான் எழுதிய கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.
வலையில் கிடப்பதை அவிழ்த்துவிடலாம்.
ஏலம் போய் லாரி ஏறியதை
எந்தக் கரையில் போய்க் கேட்பது?
இப்போதும் அழைப்பு வருகிறது, புதுப்புதுக் குரல்களில்.

நேற்று துறைமுகத்தில்
போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு
கூட்டத்தை விலக்கி வந்தான்.
"ஐஸ் கம்பெனிக்காரன் உன் நம்பர் கேக்குறான்.
குடுக்கட்டுமா?"

"எதுக்காம்?"

"கேக்கலியே."

"கேட்டுட்டு வா."

போனான்.
கையில் இருந்த கலவாவைச் செதில் எடுத்து முடித்து
அடுத்ததை எடுத்தேன்.
வரட்டும்.
இன்னும் நான்
யோசிக்க வேண்டியிருக்கிறது.