கப்பல் போகாத இடம்

தண்ணீர் எடுக்க வந்த அமெரிக்கக் கப்பல்
மூன்று நாள் நின்றுவிட்டுப் போனது.
போகிற போக்கில் கொமிசரி துரை வீட்டுக்கு
ஆறு விளக்குச் சிமினி விற்றது.
ஒன்று உடைந்திருந்தது.
அதைச் சுற்றியிருந்த கடதாசி எனக்கு.

கடற்படைத் துறையில் கயிற்றுக் கணக்கு எழுதுகிறவன் நான்.
இங்கிலீஷ் தெரியும். அதாவது
பெற்றுக்கொண்டேன், குறைகிறது,
தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.
அந்தக் கடதாசியில் இருந்ததற்கு
இவற்றில் ஒன்றும் உதவவில்லை.

நியூயோர்க்கில் ஒரு பெனிக்கு விற்ற பத்திரிகை,
ஐந்து மாதப் பழசு.
உள்ளங்கையால் நீவி நீவி வாசித்தேன்.
ஆபிரிக்காவின் தென்முனையில் ஒரு தூரக்கண்ணாடி,
நமது வள்ளத்தின் நீளத்துக்கு அகலமான வில்லை.
அதன் வழியே நிலவில் காடு, கடற்கரை,
நீல ஆடு,
வௌவால் சிறகு முளைத்த மனிதர்.

மத்தியானம் கொட்டகைக்கு வெளியே
மருதமரத்தடியில் வைத்துச் சொன்னேன்.
மேலே நூறு வௌவால்
தலைகீழாகத் தொங்கியபடி கேட்டன.
அவை மறுக்கவில்லை.

பீவர் என்றொரு பிராணி, இரண்டு காலில் நடக்கும்,
குட்டியைக் கையில் ஏந்தும், அதன் குடிசையில் புகை எழும்.
திருகோணமலையில் பீவரைக் கண்டவன் எவன்?
நீர்நாய் என்றேன்.
மூதூருக்கு வள்ளம் விடும் மீராலெப்பை
கங்கை முகத்தில் நீர்நாய் பார்த்தவர்.
"அது நெருப்பு மூட்டாதே தம்பி."
"நிலவில் மூட்டுகிறது."
"அப்ப மீனைச் சுட்டுத்தான் தின்னும்.
நல்ல சாதி."

மலாய்ப் படையின் துவான் மாஸ்
சிறகுக்காரரின் சம்பளம் கேட்டான்.
சம்பளமே இல்லை என்றதும்
தன் துவக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

சுண்ணாம்புக் கூடையை இறக்காமலே வீராத்தை கேட்டாள்:
"அங்க ஊழியம் இருக்கா?"
இல்லை என்றேன்.
ஊழியம் ஒழிந்தது என்று
வாசலில் ஒட்டிய கசெற்றையும்
நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.
அது நடந்து மூன்று வருசம்.
அதுவும் அச்சு, இதுவும் அச்சு.
கூடை அப்போதும் தலையில்தான் இருந்தது.

கடைசியாக அந்தக் கோயில்.
நீலக்கல் சுவர், பொன் நிறக் கூரை,
உள்ளே ஒருவரும் இல்லை.
சொல்லி முடித்தபோது எல்லோரும்
ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள்.
பறங்கி பெயர்த்த தூண்கள்
கோட்டைச் சுவருக்குள் படுத்திருக்கும் மலைப்பக்கம்.

"ஆர் உடைச்சது?"
"இன்னும் உடையவில்லை."
"ஏனாம்?"
இது பத்திரிகையில் இல்லை. நானே சொன்னேன்:
"அங்கே இன்னும் கப்பல் போகவில்லை."

பிறகு மூதூர் போன கதை சிறகு கூடித் திரும்பியது.
நிலவில் மழை நேரத்துக்குப் பெய்கிறதாம்.
நிலவில் கடன் பத்திரம் எழுதும் தாள் இல்லையாம்.
பௌர்ணமிக் காவலில் துவான் மாஸ்
கடலைப் பார்க்காமல் மேலே பார்த்து
இரண்டு நாள் சம்பளம் இழந்தான்.

பங்குனியில் இன்னொரு கப்பல், இன்னொரு கடதாசி.
அத்தனையும் கட்டுக்கதை என்றது.
நிலவில் ஒரு புல்லும் இல்லை,
பத்திரிகை மட்டும் படுவிற்பனை,
ஊரே சிரிக்கிறது.
இரண்டு தரம் வாசித்தேன்.
கசையடித் தீர்ப்பை மொழிபெயர்த்திருக்கிறேன்,
ஏல அறிவித்தலை,
செத்த மாலுமிகளின் பெட்டிச் சாமான்களை.
நாக்கு எதற்கும் இப்படி நின்றதில்லை.

மருதமரத்தடியில் வீராத்தை முந்திக்கொண்டாள்:
"ஐயா, அந்தக் கண்ணாடி உடைஞ்சா நல்லம்.
பாத்துக்கொண்டே இருந்தா
ஆராவது அங்க போயிடுவாங்கள்."

பழைய பத்திரிகையின் அடியில் நாலு வரி இருந்தது,
நான் சொல்லாமல் விட்டது.
யாரோ வில்லையை வெயிலுக்கு நேரே மறந்துவிட,
கொட்டகை பற்றிக்கொண்டதாம்.

"எரிந்துபோயிற்று," என்றேன்.
"இந்தக் கப்பலில்தான் செய்தி.
இனி ஒருவராலும் பார்க்க முடியாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மீராலெப்பை.
வீராத்தை கூடையை இறக்கிவைத்து
முதல்முறையாக
மரத்தடியில் உட்கார்ந்தாள்.

அன்றைய கணக்கில் கயிறு
பதினெட்டுப் பாகம் குறைந்தது.
உள்ளதை உள்ளபடி எழுதினேன்.