எட்டாம் தூண்

பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
உலான்பாதரில் இந்த மாதம் கான்கிரீட் போடக் கூடாதென்று
எல்லோருக்கும் தெரியும்.
போடுகிறோம். மார்ச்சில் வீடுகளை ஒப்படைக்க வேண்டும்.

ஒன்பதாம் தளத்தில் நேற்று வார்த்த தூண்கள் பதினான்கு.
சுற்றிலும் தார்ப்பாய், அதற்குள் கம்பளி,
நடுவே கரி கனலும் இரும்புப் பீப்பாய்.
ஒவ்வொரு தூணிலும் ஒரு வெப்பமானி செருகியிருக்கிறது.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து,
படமெடுத்து அனுப்ப வேண்டும்.
ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால்
பொறியாளர் தவாசம்புவை எந்நேரமும் எழுப்பலாம்.
பச்சை உடம்புக்காரிக்குக்கூட
இங்கே யாரும் இப்படி விழித்திருந்ததில்லை.

குறிப்பவன் பாசன்சூரென்.
காவல், கரி அள்ளுவது, அளவெடுப்பது எல்லாம் அவன்தான்.
அவனுடைய அளவை எங்கே பார்ப்பது,
பாதுகாப்புக் கையேட்டில் இல்லை.
அறுபத்திரண்டு பக்கம்.
தலைக்கவசத்துக்கு மட்டும் நான்கு.
எழுதியது நான்.

நாலு மணிக் கணக்கு வரவில்லை.
தவாசம்பு என்னை எழுப்பினார்:
"தூண்களுக்கு என்ன ஆச்சு, போய்ப் பார்."
தூண்களுக்கு.
மின்தூக்கி உறைந்து நின்றிருந்தது. படியேறினேன்.
ஆறாம் தளத்தில் மூச்சு வாங்க நின்றேன்,
அந்த ஒரு நிமிடத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே வெதுவெதுப்பு.
ஏழாம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்,
கல்யாண வீட்டில் குடித்தவன்போல் கன்னம் சிவந்து.
கையில் பேனா.
நோட்டில் ஏழாம் தூண் வரை எண்கள் ஒழுங்காக.
எட்டில் ஒரு கோடு தொடங்கி
கட்டத்தைத் தாண்டி, தாளைத் தாண்டி,
காற்சட்டையில் முடிந்திருந்தது.

கரிப்புகைக்கு மணமில்லை. கையேட்டில் இதுவும் இல்லை.

தார்ப்பாயைக் கத்தியால் கிழித்தேன்.
குளிர் மடை திறந்ததுபோல் பாய்ந்தது.
என் பதினெட்டாம் பக்கத்தின்படி
பாதுகாப்புப் பட்டையைச் சரியாக மாட்டியிருந்தான்,
விழ வழியே இல்லாத இடத்தில்.
அந்தப் பட்டையைப் பிடித்துத்தான் வெளியே இழுத்தேன்.

வாந்தியெடுத்தான். வானத்தைப் பார்த்தான்.
"எட்டை எழுதல, அக்கா" என்றான்.

மருத்துவமனையில் மூன்று நாள். இப்போது எழுந்து நடக்கிறான்.
எட்டும் ஒன்பதும் உறைந்து கெட்டன, உடைத்துவிட்டார்கள்.
அறிக்கையில் இழப்பு என்ற கட்டத்தில்
தூண் இரண்டு, தார்ப்பாய் ஒன்று என்று
ஏற்கெனவே யாரோ நிரப்பியிருந்தார்கள்.
கிழித்தவர் பெயருக்கும் ஓர் இடம்.
கையெழுத்திட்டேன், கொஞ்சம் பெரிதாகவே.

சந்தையில் நச்சுவாயு காட்டும் கருவி விற்கிறது.
தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது,
விலை மூன்று மூட்டை சிமென்ட்.
பெட்டியில் குறிப்பு: மூச்சு விடும் உயரத்தில் மாட்டவும்.

எது அந்த உயரம்?
நிற்பவனுக்கா, கரி அள்ளக் குனிபவனுக்கா,
அதிகாலை நான்கு மணிக்காரனுக்கா?

அளவு நாடாவோடு போய்
ஏழாம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
தரையிலிருந்து மூக்கு வரை
எழுபத்து நான்கு சென்டிமீட்டர்.
சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.

முதுகுக்குத் தூண் இதமாக இருந்தது.
உடனே எழ மனம் வரவில்லை.