முப்பத்தேழாம் எபிசோட்

மூன்று மாதம் விளம்பரம் போட்டார்கள்.
ஐந்து ரோட்டில் ஒரு பேனர்:
வயலினை கிடார்போல் மடியில் போட்ட பையன்
எங்கள் பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தான்.
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் அஸ்தம்பட்டியில்
எஸ்தர்ராணி குடியிருக்கும் வீட்டில் கூடினோம்.
வீட்டுக்காரம்மா டிவியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.
ஆளுக்கு இரண்டு தட்டுவடை செட்.
இசைப்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தொடர்,
நம்மைப் பற்றி,
என்று துளசிராம் நாலு தரம் சொன்னான்.

கல்லூரி ஏற்காட்டில் இருந்தது.
காபி எஸ்டேட் பங்களா,
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி,
வகுப்பறை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.
படிக்கட்டில் ஆடினார்கள்.
மழை வந்தது, ஆடினார்கள்.
சுருதி சேர்க்க ஒருவரும் உட்காரவில்லை.
தொப்பியில் காய்ந்த ரவையைச் சுரண்டி
வாளித் தண்ணீரில் கை கழுவுகிறவன் இல்லை.
வலந்தலையில் அடித்தால் தொப்பி பேசியது.
ஒருத்திக்கும் தொண்டை கட்டவில்லை.
கதாநாயகி போட்டியில் தோற்றது காதலால்.
நாங்கள் தோற்பது பெரும்பாலும்
எட்டரை மணி வாழப்பாடி பஸ்ஸால்.

ஐந்தாம் நாள் துளசிராம் வரவில்லை.
பத்தாம் நாள் வீட்டுக்காரம்மாவே சேனலை மாற்றினார்.
நான் போனில் விடாமல் பார்த்தேன்.
முப்பத்தேழில் நாங்கள் இருந்தோம்.

அது மார்கழி.
வேன் வைத்து மேலே அழைத்துப் போனார்கள்.
பதிமூன்றாவது கொண்டை ஊசியில்
மாதேஸ் வாந்தியெடுத்தான்,
மிருதங்கத்தை மட்டும் என் மடிக்குத் தள்ளிவிட்டு.
தலைக்கு ஐந்நூறு, எலுமிச்சை சாதம்.
பனி கலையும் முன் வரிசையாக உட்காரவைத்து
ஒருவர் மெகாபோனில் சொன்னார்:
"வாசிக்கிற மாதிரி இருக்கணும், சத்தம் வரக்கூடாது.
சத்தம் சென்னையில போட்டுக்குவோம்."

வாயைத் திறந்து பாடாமல் இருப்பது
எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.
துளசிராமின் வில் நழுவி ஒரு தந்தி முனகியது.
கட்.
மறுபடியும்.
எஸ்தர்ராணி சிரித்துவிட்டாள்.
கட்.
மாலை ஐந்துக்கு என் தொண்டை வலித்தது,
ஒரு சொல்லும் பாடாமலே.

நாலே நாலு நொடி.
கதாநாயகியின் முழங்கைக்குப் பின்னால்
பனி, பனிக்குள் ஒரு தோள்,
அப்புறம், அந்தக் கைகள்.
முகம் இல்லை. மாதேஸின் கைகள்.
மேலே யாரோ கீபோர்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தை அணைத்தேன்.
பின்னுக்கு இழுத்தேன். இன்னொரு தரம்.
விரல்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்:
ததிங்கிணதொம்
ததிங்கிணதொம்
கழுதை, போன தேர்வில் தடுமாறிய
அதே கோர்வை.
சத்தமில்லாமல், தோலைத் தொட்டும் தொடாமலும்,
கணக்குத் தப்பாமல் போய்க்கொண்டிருக்கிறான்
ததிங்கிண

சோப்புத்தூள் விளம்பரம்.

மறுநாள் அவனிடம் காட்டினேன்.
பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய நெரிசலில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.
"என் மூஞ்சி எங்கே?" என்றான்.
திரும்பவும் பார்த்தான்.
"சமத்துல வந்து விழுந்தேன், தெரியுமா?
அதைப் போய் வெட்டிட்டாங்க."

போனை என் பையில் போட்டேன்.
நாலு ரோடு தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது.
அவன் உள்ளங்கை கம்பியில் விழுந்தது.
தொம்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.
"யாருப்பா இறங்கணும்?"