இரண்டு பாண் அலகு

ஏழே முக்காலுக்குப் படம் வந்தது:
செம்மஞ்சள் உறை, கசங்கி,
ஃபென்யா வீட்டு மேசைவிரிப்பின் மேல்.
கீழே ஒரு வரி, "அப்பா, ரெண்டையும் சாப்பிடலாமா?"

பொதிகள் ஓடும் பட்டிக்குப் பக்கத்தில் நின்று
கையுறையைப் பல்லால் கழற்றி
பெரிதாக்கிப் படித்தேன்.

நாற்பத்திரண்டு கிராம்.
கொழுப்பு பதின்மூன்று.
மாச்சத்து இருபத்திநாலு, அதில் சீனி இருபத்திரண்டு.
புரதம் ஐந்து, அது கச்சான்
தன் மானத்தைக் காக்கக் கொண்டுவந்து போட்டது.
உப்பு ஒரு சிட்டிகைக்கும் குறைவு.
சக்தி இருநூற்றுப் பத்து கலோரி,
எதற்கான சக்தி என்று எழுதவில்லை.

இந்த நாட்டில் எங்களுக்கு
எல்லாவற்றையும் பாணால் அளந்து தந்தார்கள்.
பன்னிரண்டு கிராம் மாச்சத்து ஒரு பாண் அலகு.
சின்ன அப்பிள் ஒரு பாண்.
ஒரு கோப்பைச் சோறு நாலு பாண்.
ஆஸ்பத்திரியில் முதல் நாள் இதைக் கேட்டு
எனக்குச் சிரிப்பு வந்தது.
மயூரதிக்கு அப்போது ஏழு வயது,
ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பாண். மாலையில் பாணுக்கு ஒன்றரை.
மூன்று யூனிற் போட்டிட்டுச் சாப்பிடு என்று எழுதினேன்.
கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

கணக்கில் பிழையில்லை.
பிழை நேரத்தில்.

சீனி தனியாக வந்தால் ஓடி வரும்.
கொழுப்போடு வந்தால்
கலியாணத்துக்கு வெளிக்கிட்ட குடும்பம் மாதிரி:
ஒருத்தர் சப்பாத்தைத் தேடுவார்,
ஒருத்தர் கதவைப் பூட்டினேனா என்று
பாதி வழியில் திரும்பிப் போவார்.
இன்சுலின் மட்டும் சொன்ன நேரத்துக்கு
மண்டபத்துக்கு வந்து
வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.
பிறகு கதிரைகளைத் தின்னத் தொடங்கும்.

ஒன்பதரைக்குக் கைபேசியில் கோடு இறங்கியது.
நூற்றுப் பத்து. தொண்ணூறு. அம்புக்குறி கீழே.
எழுபத்தொன்று.
எனக்கு முன்னால் பொதிகள் தேங்கின,
மேற்பார்வையாளர் குன்ஸ்மன் விசில் அடித்தார்.
அறுபத்திரண்டு.
அவள் எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.
மூன்றாம் தரம் ஃபென்யாவின் குரல்,
எதையோ மென்றுகொண்டு:
"அப்பிள் ஜூஸ் குடுத்திட்டன். நடுங்கினாள், இப்ப இல்லை.
படம் பாதியில நிக்குது, வைக்கட்டா?"
பதினொரு வயது.
நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குக் கலியாண வீட்டார் வந்து சேர்ந்தார்கள்,
எல்லாரும் ஒன்றாக, நேரே பந்திக்கு.
நூற்றெண்பது.
இருநூற்றுப் பத்து, உறையில் இருந்த அதே இலக்கம்.
இருநூற்று நாற்பதில் கோடு படுத்துக்கொண்டது.
வுப்பர் ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலும்
இந்த நேரம் ஓடாது.
எழுப்புவதா, விடுவதா.
வேறு கொட்டைகளின் தடயம் இருக்கலாம் என்று
பொடி எழுத்தில் எச்சரித்தவர்கள்
இதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான் எழுப்பவில்லை.
சரிதானா என்று
மூன்று மாத ரத்தச் சோதனை வந்து சொல்லட்டும்.

ஐந்து மணி இடைவேளை.
இயந்திரத்தில் ஒன்றரை யூரோ போட்டேன்.
அதே செம்மஞ்சள் உறை, அதே இரண்டு கிண்ணங்கள்.
நின்றபடியே தின்றேன், ஒன்றன்பின் ஒன்றாக.
முதலில் உப்புத்தான் நாக்கில் பட்டது.
நல்ல ருசி. பொய் சொல்ல மாட்டேன்.
கச்சான் பல்லில் ஒட்டியது.
உள்ளே என் கணையம்
ஒருத்தரையும் எழுப்பாமல், பாண் எண்ணாமல்,
அளவாய் ஊற்றிக்கொண்டிருந்தது.
நாற்பத்தாறு வருடமாக அதற்கு இது ஒரு வேலையே இல்லை.
அந்த நேரம் எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

எட்டு மணிக்கு ஃபென்யா வீட்டு மணியை அடிக்க முதல்
வாயைத் துடைத்துக்கொண்டேன்,
இரண்டு தரம்.