பதிவு செய்தவர்

மென்பொருளுக்கு மாதம் நூற்றெழுபது ரியால்.
ஷெர்லினுக்கு நூற்றெழுபத்தைந்து.
டாக்டர் கால்குலேட்டரைத் தட்டும்போது
எதிரே நின்றிருந்தேன்,
ஊசிப்பெட்டிகளை எண்ணுகிறவள்போல.

ரூவியில், தையற்கடைக்கு மேலே எங்கள் கிளினிக்.
இப்போது இரண்டு பேர் வேலையும் எனக்கு;
இரவு பத்துவரை பழைய அட்டைகளை ஏற்றுகிறேன்.
பால் சிந்தியது, மடித்து மடித்து நைந்தது,
அரபி எண்ணில் தேதி போட்டது.
ஒன்றின் ஓரத்தில் அவள் கையெழுத்து:
"பையன் அழமாட்டான். அம்மாவைப் பிடித்துக்கொள்."
அதற்குத் திரையில் கட்டம் இல்லை.

நேற்று முனவ்வர் வந்தார், தோளில் மகள்.
வீடு மாறியதில் அட்டை தொலைந்ததாம்.
"எல்லாம் முதல்லேருந்து குத்தணுமா சிஸ்டர்?"
எண்ணைத் தட்டினேன். மூச்சு விடுவதற்குள்
நாலு தவணையும் வரிசையாக வந்து நின்றன.
ஒரே ஊசி. சுருக்கென்று அழுது ஓய்ந்தாள் பிள்ளை.

நாலு வரியிலும் கடைசியில்
பதிவு செய்தவர்: ஷெர்லின்.
சோதனை மாதத்தில்
அவளேதான் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

முனவ்வர் நகரவில்லை.
"ஒரு காகிதத்துல எழுதித் தாங்களேன்."
எழுதினேன்,
ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு.