கீழ் ஹோஸ்

வரட்டுப்பள்ளம் செக்போஸ்டில்
பருத்திக்கொட்டை மூட்டை பதினாலோடு
ஜீப்பை நிறுத்தியபோது வந்து ஏறினான்
பைனான்ஸ் திருமூர்த்தி.
'நாலு டியூ நிக்குதுங்ணா.
லோடை மேல எறக்கிப்போட்டு
சாவியைக் குடுத்துருங்க.'
குரலில் கோபமில்லை.
சட்டைப் பையில் பேனாவுக்கு மூடியுமில்லை,
நீலம் கசிந்திருந்தது.

மூன்றாம் வளைவு இந்த வண்டிக்கு ஆகாது.
அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

முதல் வளைவில் முள் எழுபத்தைந்து.
இரண்டில் எண்பத்தைந்து.
மூன்றில் நூறுக்குக் கீழே நின்று
யோசிக்கறாட்டம் நடுங்கிவிட்டு
ஒரே தாவு.
பானெட்டுக்குள் உலை பொங்கும் சத்தம்.

சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.
மூடியைத் திருகப் போனவன் கையைத் தட்டிவிட்டேன்.
போன வைகாசியில் என் முன்கைத் தோல்
இந்த மூடியோடுதான் வந்தது.

'என்ன கெரகமுங்ணா இதுக்கு?'
தெரிந்தால் நாலு டியூ நிற்குமா?
அந்தப் பணமெல்லாம் இதற்குள்தான் கிடக்கிறது.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தேன்,
காலையில் சூடேறவும் மறுத்தது
மலையில் ஆறவும் மறுத்தது.
ரேடியேட்டரை பவானிக்குச் சுமந்துபோய்
குழாய் குழாயாய்க் கம்பி விட்டு வந்தேன்.
பம்ப் புதுசு. பெல்ட் புதுசு.
ஹெட் கேஸ்கெட்டாகத்தான் இருக்கும் என்று
அந்தியூர் சென்னியப்பன் சொன்ன நாள்முதல்
ஆயில் குச்சியை உருவி உருவி
பால் நிறம் தேடியே ஒரு மாசம் போச்சு.
வீட்டுவாசலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலோ
முள் எழுபதில் நின்றுகொண்டு
நல்ல பிள்ளையாட்டம் என்னைப் பார்க்கும்.

ஆறும்வரை பேச ஒன்றுமில்லை.
அவன் போனில் சிக்னல் இல்லை.
கீழே அணைத் தண்ணீர் கறுத்து
ஆனை இறங்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

முதல் கேனை ஊற்றி ஸ்டார்ட் செய்தேன்.
'ஏறி உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிங்க.'
'நானுங்களா?'
'பின்னே, ஆனையா வந்து மிதிக்கும்?'

மிதித்தான்.

இரண்டு வருசமாய் ஒண்டியாகப் பார்த்த வண்டி.
மிதிக்கும்போதெல்லாம் நான் சீட்டில் இருந்தேன்.
குனிந்து பார்க்கும்போது
மிதிக்க ஆளில்லை.

எஞ்சின் இரைந்தது.
ரேடியேட்டர் அடியிலிருந்து பம்புக்குப் போகும்
கீழ் ஹோஸ் மெல்ல வயிற்றை உள்வாங்கி,
இளநீரின் கடைசிச் சொட்டுக்கு உறிஞ்சும்
பிள்ளையின் கன்னமாய் ஒட்டிப்போனது.
'விடுங்க.' உப்பியது.
'மிதிங்க.' ஒட்டியது.
'விடுங்க. மிதிங்க.'
ஒரு தடவை பார்த்ததே போதும்.
ஆனாலும் மிதிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவியதும்
உள்ளே இருந்திருக்க வேண்டிய ஸ்பிரிங்
செங்கல் பொடியாய் உள்ளங்கையில் கொட்டியது.
ஆயிரத்து இருநூறு அடி போர் தண்ணி,
குண்டாவில் வெள்ளை கட்டும் அதே உப்புத் தண்ணி,
நானேதான் ஊற்றியது.

டார்ச் பிடித்தான் பைனான்ஸ்.
மூட்டை கட்டிய கம்பியைப் பிரித்து
சம்மட்டிப் பிடியில் நெருக்கிச் சுற்றினோம்,
ஒரு முனை அவன் கையில்.
சுருளை ஹோஸுக்குள் திருகி ஏற்றி
இரண்டாம் கேனையும் கவிழ்த்தேன்.

நாலாம் வளைவு. அதற்கடுத்தது.
முள் எண்பதில் உட்கார்ந்து எழவேயில்லை.

தாமரைக்கரையில் கடைசி மூட்டை இறங்கியபோதுதான்
எனக்கு உறைத்தது:
கொதிக்கிற வண்டியை ஏலத்தில் எவன் எடுப்பான்?
இப்போது எடுப்பான்.

அவனுக்கும் அதே நினைப்போ என்னவோ.
சாவியைப் பார்த்தான். மீட்டரைப் பார்த்தான்.
துருவேறிய கையை பேண்டில் துடைத்தபடி
'பத்தாந்தேதிக்குள்ள ரெண்டு டியூவாச்சும்...' என்று
ஆரம்பித்து, முடிக்காமல்,
'கீழ போக இனி பஸ் இருக்குதுங்களா?' என்றான்.

இல்லை.

இறக்கத்தில் எந்த வண்டியும் கொதிக்காது.
இருந்தும் அந்தியூர் வரைக்கும்
ரெண்டு பேரும்
முள்ளையே பார்த்துக்கொண்டு இறங்கினோம்.